வாட்டர் சர்வீஸ் ஈரநிலம்

தண்ணீர் இல்லாத வட்டாரத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எண்ணுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. மழை வருடத்துக்குச் சில வாரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் வெயில். அந்த வெயிலிலும் அங்கங்கே குட்டை, சேறு, நாணல் புதர், உப்புப் பூத்த பள்ளம் என்று ஈரம் ஒளிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈரநிலம் என்று பெயர். எத்தனை இருக்கின்றன, எங்கெங்கே இருக்கின்றன, ஏன் ஒரு பக்கம் கூட்டமாகவும் இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கின்றன என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தில் ஈரம் கருநீலமாகத் தெரியும். கணினி அந்த இடங்களில் புள்ளி வைத்துக் கொடுக்கும். நாங்கள் ஜீப்பில் போய்ப் புள்ளி உண்மையா என்று பார்ப்போம். சில உண்மை. ஒன்று நீலத் தார்ப்பாய். ஒன்று புதிதாகப் பெயிண்ட் அடித்த பள்ளிக்கூட மொட்டைமாடி. இன்னொன்றைத் தேடி அரைநாள் அலைந்தோம். கடைசியில் அது ஒரு பெரிய விளம்பரப் பலகையின் நிழல். பலகையில் குளிர்பானம் வழிந்துகொண்டிருந்தது.

"தண்ணி இருக்கு சார், எட்டத்தான் மாட்டேங்குது," என்றார் ஓட்டுநர்.

நாங்கள் நான்கு பேர். ஓட்டுநர், நான், செடிகளைப் பார்க்கிற கோரையம்மா, எங்கள் தலைவர். கோரையம்மா முன்பு கல்லூரியில் பாடம் எடுத்தவர். எந்தச் சேற்றிலும் முதலில் கோரைப்புல்லைத்தான் தேடுவார் என்பதால் அந்தப் பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார். தலைவருக்கும் ஒரு பெயர் உண்டு, கட்டம். அதை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை.

வட்டாரம் முழுவதையும் அவர் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். வடக்கே களிமண், விழுந்த மழை கீழே இறங்காது, ஈரநிலம் கொட்டிக்கிடந்தது. தெற்கே உப்புத்தரை, அங்கேயும் ஓரளவு உண்டு. நடுவில் மணல். மணல் கட்டங்களில்கூட ஒன்று இரண்டு தேறியது. ஒரே ஒரு கட்டம் மட்டும் சுத்தமாகக் காலி. எங்கள் அலுவலகம் இருக்கும் நகரத்துக் கட்டம் அது.

வரைபடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. அவர் உட்கார்ந்தால் அந்தக் காலிக் கட்டம் அவர் தலைக்கு நேர் மேலே வரும். அவர் தலையில் முடி கிடையாது. அறைக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றைப் பார்ப்பார்கள், பிறகு மற்றதைப் பார்ப்பார்கள். வரைபடத்தை இடம் மாற்றலாம் என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

"தலைமையகத்துல என்ன கேப்பாங்க தெரியுமா? ஆபீஸ் இருக்கிற கட்டத்துலயே ஒண்ணு கண்டுபிடிக்கத் துப்பில்லையான்னு கேப்பாங்க," என்பார்.

"இல்லாததை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று கோரையம்மா கேட்பார்.

"தேடினா இருக்கும்."

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்த வருடம் நான் பொதுவாகவே ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கேட்டால் பதில் சொல்வேன். தட்டு வைத்தால் சாப்பிடுவேன். இருந்தது மாமியார் வீட்டு மாடியில். கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கேதான். அவள் போன பிறகு போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அத்தை வண்டி கழுவும் கடை நடத்தினார். பலகையில் 'வாட்டர் சர்வீஸ்' என்று இருக்கும். மாமனார் தொடங்கிய கடை. மாமனாருக்குப் பிறகு அத்தை கைக்கு வந்து இரண்டு மடங்கு சத்தத்தோடு ஓடியது. ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை நடந்து வந்தால் பெரிய லாரி ஓட்டுகிறவர்களே தாமாக வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார்கள். மகள் போன மறுவாரமே கடையைத் திறந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் பேசினார்கள். "வண்டி அழுக்காத்தானே வருது," என்றார் அத்தை.

என்னை மாப்ளை என்றுதான் கூப்பிடுவார். மகள் போன பிறகும் அது மாறவில்லை. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்கூட இருக்கலாம். என்னை உறவு சொல்லிக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

புதிய படம் வந்த அன்று கட்டம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி. சின்னது, ஆனால் நல்ல கருநீலம். டீயைக்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார். ஜிபிஎஸ் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்டால் ஈரநிலம் ஓடிவிடும் என்பதுபோல மெல்லிய குரலில் வழி சொன்னார்.

"இடப்பக்கம்."

ஓட்டுநர் திரும்பினார்.

"மறுபடி இடப்பக்கம்."

"சார், இது நான் வாராவாரம் வர்ற வழி."

"வாராவாரம் இங்க உனக்கு என்ன வேலை?"

ஓட்டுநர் திடீரென்று சாலையில் கவனமாகிவிட்டார். அலுவலக ஜீப்பை வெளியில் கழுவக் கூடாது என்று விதி. அலுவலகக் குழாயில் காற்றுதான் வரும் என்பது விதியில் இல்லை.

புள்ளி அத்தையின் கடைக்குப் பின்னால் இருந்தது.

அத்தை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒரு வேனுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பம்பை நிறுத்தினார்.

"வாங்க மாப்ளை. என்ன மத்தியானமே வந்துட்டீங்க, உடம்பு சரியில்லையா?"

"ஆபீஸ் வேலை அத்தை."

"என் கடையில என்ன ஆபீஸ் வேலை?"

அதற்குள் கட்டம் பின்கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒரு காலிமனை. மேலே கழுவும் சோப்பு நுரை தெருச் சாக்கடைக்குப் போய்விடும். வண்டியின் அடியைக் கழுவும் தண்ணீர் மட்டும், அதில் சோப்பு கிடையாது, ஒரு குழாய் வழியாகப் பின்பக்கம் போகும். அது பல வருடமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மனை முழுக்க இடுப்பளவு பச்சை. நடுவில் வானம் தெரிகிற தண்ணீர். தும்பிகள். எங்களைக் கண்டதும் ஒரு தவளை கத்துவதை நிறுத்தியது. கட்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஈரநிலம் அங்கேயே இருந்தது.

கோரையம்மா செருப்போடு உள்ளே இறங்கிவிட்டார்.

"அட, நீயா? நீ எங்கடா இங்க?" என்று ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சார், இது வடக்கு ஏரிக் கோரை. வேற எங்கயும் வராது."

"வந்திருக்கே."

"அது மட்டுமா. இதோ உமரி. உப்புத்தரைச் செடி. ரெண்டும் ஜென்மத்துல பார்த்துக்கிட்டதே கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரங்களை ஒரே பெஞ்சுல உக்கார வச்ச மாதிரி இருக்கு. அங்க பாருங்க நீர்முள்ளி. அது நாம மேற்குல பார்த்தது. நம்ம வட்டாரத்துல இருக்கிற எல்லாமே இங்க இருக்கு சார்."

கட்டம் சேற்றின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "இதுதான் தாய்."

"எதுக்கு சார் தாய்?"

"எல்லா ஈரநிலத்துக்கும். எல்லாம் இங்கிருந்துதான் நாலா பக்கமும் பரவியிருக்கு. மத்ததெல்லாம் குட்டிங்க. தாய் நம்ம கட்டத்துல இருந்திருக்கு. நாமதான் கவனிக்கல."

கோரையம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காலடியில் இன்னொரு செடியைப் பார்த்துவிட்டார், அதோடு சரி.

ஈரநிலம் கண்டால் மஞ்சள் கொடி நட வேண்டும். கொடி நடுவது என் வேலை. கட்டம் கையில் கொடுத்தார், நட்டேன். கொடி ஏறிவிட்டால் தலைமையகம் வந்து சரிபார்க்கும்வரை அந்த இடத்துக்குள் யாரும் தண்ணீர் விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. சரிபார்த்து உறுதியானால் சுற்றிலும் கூப்பிடு தூரத்துக்கு வண்டி வாகனம் வரக் கூடாது. அதாவது கடை நிரந்தரமாக மூட வேண்டும்.

இதை அத்தைக்கு நான்தான் விளக்கினேன்.

"இருங்க. இது நான் விட்ட தண்ணியில வந்த சேறு."

"ஆமா அத்தை."

"இதைக் காப்பாத்துறதுக்கு நான் இனி தண்ணி விடக் கூடாது."

"ஆமா."

"விடலன்னா காஞ்சிரும். காஞ்சா?"

"காஞ்சா ஈரநிலம் இல்லை."

"அப்ப கடையைத் திறக்கலாம்."

"திறக்கலாம்."

"திறந்தா?"

"மறுபடி ஈரநிலம் ஆயிடும்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க காலேஜ் எல்லாம் போயிருக்கீங்கல்ல?" என்றார். பிறகு கொடியைப் பார்த்தார். "நட்டது யாரு?"

"நான்தான்."

"ரொம்ப சந்தோஷம், சார்."

அன்று முதல் நான் சார்.

வீட்டில் தட்டு வைத்தார், சோறு போட்டார், எதிலும் குறையில்லை. "சாருக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" "சார் குளிச்சாச்சா? குளிச்ச தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு பார்த்தீங்களா, யாராவது கொடி நட்டுரப் போறாங்க." தண்ணீர் கேட்டேன். "குடிக்கிறதுக்கு அனுமதி இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டு டம்ளரை வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து மாப்ளை இருக்காரா என்று கேட்டார். "சார் மேல இருக்கார்," என்றார் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஒரு வருடமாக எனக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. இது உறைத்தது.

தலைமையகத்திலிருந்து ஆள் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை தினமும் போய்த் தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டியது நான். அத்தை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எதிர்ப்பக்கக் கடையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. "நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க, அங்க மேலால தடவி அனுப்பிருவாங்க," என்று அந்த வரிசையைப் பார்த்துச் சத்தம் போடுவார். என்னைப் பார்த்தால், "வாங்க சார், உங்க தாய் நல்லாத்தான் இருக்காங்க," என்பார்.

வெயில் தன் வேலையைச் செய்தது. மட்டம் நாளுக்கு நாள் இறங்கியது. கணக்குப்படி, அந்த ஆள் வருவதற்குள் மனை காய்ந்துவிடும். காய்ந்தால் கொடி போய்விடும். அத்தை சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அதை அவரிடம் சொன்னேன். "சரிங்க சார்," என்றார்.

பிறகு ஒருநாள் மட்டம் இறங்காமல் நின்றது. மறுநாள் கொஞ்சம் ஏறியிருந்தது. அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஏறித்தான் இருந்தது. கட்டத்திடம் சொன்னேன். "தாய்ன்னா சும்மாவா? அடியில ஊத்து இருக்கு," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குச் சந்தேகம் வந்து மத்தியானம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். அத்தை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நாணல் பக்கம் குனிந்து, சத்தம் வராமல் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஹோஸில் லாரியையே அசைக்கிறவர், குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல ஊற்றினார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"மெதுவாப் பேசுங்க."

நாணலுக்குள் கைகாட்டினார். ஒரு நீர்க்கோழி உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கறுப்புப் பஞ்சு உருண்டைகள்போலக் குஞ்சுகள்.

"தண்ணி வத்துனா பூனை நடந்தே வந்துரும்," என்றார்.

"தண்ணி இருந்தா கடை போயிரும் அத்தை."

"தெரியும்."

"அப்புறம்?"

"கடை போனா வேற ஏதாவது பார்த்துக்கலாம். இதுங்க எங்க போகும்? நேத்துதான் ஒண்ணு நீந்தவே ஆரம்பிச்சுது." வாளியைக் கவிழ்த்து மிச்சத்தையும் விட்டார். "போய் எழுதிக்கோங்க சார், தண்ணி ஊத்தினாங்க, கையும் களவுமா பிடிச்சேன்னு."

நான் எழுதவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பினேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊற்றினால் கடை போகும். ஊற்றாவிட்டால் குஞ்சு போகும். இரண்டும் நான் நட்ட ஒரு கொடியால்.

வாசலில் ஓட்டுநர் ஜீப்பின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"சார், வண்டி முளைச்சிருச்சு."

"என்ன?"

"நீங்களே பாருங்க."

மட்கார்டுக்கு அடியில் பார்த்தேன். கடை மூடியதிலிருந்து ஜீப் கழுவப்படவில்லை. வடக்கு ஏரி, தெற்கு உப்புத்தரை என்று அந்த வாரம் மட்டும் எங்கெங்கோ போய்வந்திருந்தோம். ஒட்டியிருந்த சேற்றில் பச்சையாகப் புல் எட்டிப்பார்த்தது. பக்கத்தில் குண்டு குண்டு இலையோடு உமரி. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர்கள், அதே பெஞ்சில்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாயும் இல்லை, ஊற்றும் இல்லை. வட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஈரநிலத்துக்கும் நாங்கள் போய், அதில் ஒரு பிடியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, வாரத்துக்கு ஒருமுறை அத்தையின் கடைக்குப் பின்னால் இறக்கியிருக்கிறோம். பிறகு அங்கே போய், எல்லாமே இருக்கிறதே என்று வாய் பிளந்து நின்றிருக்கிறோம்.

"சார், வெளியில சொல்லிராதீங்க," என்றார் ஓட்டுநர். "ஜீப்பை வெளியில கழுவினேன்னு தெரிஞ்சா என்னை மோட்டார் ரூமுக்குக் காவல் போட்டுருவாங்க. அங்க ஒரு மோட்டாரும் கிடையாது."

தலைமையகத்தார் வந்தார். ஈரநிலங்களைப் பற்றி நிறையக் கட்டுரை எழுதியவர் என்று கட்டம் அறிமுகம் செய்தார். வெள்ளை ஷூ போட்டிருந்தார். பின்கதவைத் தாண்டியதும் ஒரு செங்கல்லைப் பார்த்து அதன்மேல் ஏறி நின்றார். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

கட்டம் தாயைப் பற்றிப் பேசினார். கையை நான்கு திசையிலும் வீசினார். கோரையம்மா செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். தலைமையகத்தார் செங்கல்மீது நின்றபடியே தலையாட்டினார். அத்தை கதவோரம் நின்றார். வாளி காலுக்குப் பின்னால் இருந்தது.

"அருமை. உறுதி பண்ணிடலாம்," என்றார் தலைமையகத்தார்.

"சார், இது எங்க ஜீப்புல இருந்து வந்தது," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யாரும் கேட்காமல் அவ்வளவு நீளமான வாக்கியத்தை நான் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. கழுவியது, சேறு போன வழி, மட்கார்டில் முளைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டுநர் வானத்தைப் பார்த்தார்.

"அவருக்கு வீட்டுல கொஞ்சம் கஷ்டம் சார்," என்றார் கட்டம் தணிந்த குரலில். "ஒரு வருஷமா பேச்சே கிடையாது."

"இப்ப பேசுறாரே." தலைமையகத்தார் அத்தையைப் பார்த்தார். "கடை உங்களோடதா? இவர் உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல," என்றார் அத்தை பட்டென்று. "எங்க வீட்டு மாடியில இருக்கார். சார்னுதான் கூப்பிடுவேன்."

"ஏன் கேக்குறேன்னா, பாதிக்கப்பட்டவங்களுக்கு உறவா இருந்தா ஊழியர் சொல்றதை எடுத்துக்க முடியாது. விதி." என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"மாமியார்," என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப உங்க மனைவி..."

"இல்ல சார். போன வருஷம் இறந்துட்டாங்க."

தலைமையகத்தார் கொஞ்சம் சங்கடப்பட்டார். நல்ல மனிதர்தான். செங்கல்லில் கால் மாற்றி நின்று யோசித்தார்.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு. மனைவி இல்லாதப்ப அந்த உறவு முடிஞ்சுபோச்சுன்னு எடுத்துக்கலாம். அப்ப உங்க பேச்சு செல்லும். முடிஞ்சுபோச்சுன்னு எடுத்துக்கட்டுமா? சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு 'சரி'. கொடி போய்விடும், கடை திறந்துவிடும். அத்தை கதவோரத்திலிருந்து தலையை ஆட்டி ஆட்டி, சொல்லுங்க என்று ஜாடை காட்டினார். எனக்கும் சொல்லத்தான் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"மாமியார்தான் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். முடியல. மாமியார்தான்."

"அப்ப நீங்க சொன்னதை நான் கேட்கல," என்றார் தலைமையகத்தார் வருத்தத்தோடு. கட்டம் பெருமூச்சு விட்டார்.

"ஏன் மாப்ளை, உங்களுக்கு என்ன கிறுக்கா?" அத்தை வாளியோடு முன்னால் வந்துவிட்டார். "நான்தான் யாரும் இல்லன்னு தலையில அடிச்சுச் சொல்றேன்ல. ஒரு சரி சொல்ல வாய் வலிக்குதா? ஒரு வருஷமா வாயைத் திறக்காம இருந்துட்டு, திறந்தா இதுக்கா திறப்பீங்க?"

"வேற என்ன அத்தை சொல்றது?"

அத்தை வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன்," என்றார்.

அப்போது கோரையம்மா சேற்றிலிருந்து தலையைத் தூக்கினார். இவ்வளவு நேரமும் உமரியின் வேரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சார், அவர் பேச்சு வேண்டாம். ஜீப்பையே பார்த்துரலாமே. ஜீப்புக்கு உறவு யாரும் இல்லையே."

தலைமையகத்தார் விதியை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். ஜீப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஜீப்பைச் சாய்தளத்தில் ஏற்றினார்கள். அத்தை பம்பைப் போட்டார். ஒரு வாரத்துக்கு மேல் சும்மா கிடந்த ஹோஸ், கையில் துள்ளியது. முதல் பீய்ச்சலில் மட்கார்டிலிருந்து ஒரு பிடி களிமண் கோரையோடு விழுந்தது. அடுத்து உமரி. பிறகு நத்தைகள், வேரோடு நீர்முள்ளி. கோரையம்மா கீழே உட்கார்ந்து பொறுக்கிப் பொறுக்கி, "வடக்கு, தெற்கு, மேற்கு, இது போன வாரம் நாம வழி தவறிப் போனோமே அங்க," என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக பம்பருக்குள்ளிருந்து ஒரு தவளை வெளியே வந்தது. பஸ்ஸில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டவர்போலச் சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு பின்கதவைத் தாண்டி மனைக்குள் குதித்துக்குதித்துப் போய்விட்டது.

"அதுக்கு டிக்கெட் நான் கொடுக்கல சார்," என்றார் ஓட்டுநர்.

தலைமையகத்தாரின் வெள்ளை ஷூ இப்போது வெள்ளையாக இல்லை. செங்கல் உள்ளே இருந்தது, அவர் வெளியே இருந்தார். கட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இது ஈரநிலம் இல்லை. உங்க ஜீப்போட அடிப்பாகம்."

"அப்ப ஜீப்பை அந்தக் கட்டத்துல நிறுத்தி வச்சா, சார்?" என்றார் கட்டம். பாவமாக இருந்தது.

"எண்ண மாட்டோம்."

"நிரந்தரமா நிறுத்தினா?"

தலைமையகத்தார் காருக்குப் போனார். கொடியை நானே பிடுங்கினேன். கோரையம்மாவுக்குத் துளிகூட வருத்தமில்லை. கண்டுபிடிப்பு ஒன்று போனாலும் இன்னொன்று கிடைத்துவிட்டது என்றார். செடிகள் எப்படி ஊர் மாறுகின்றன என்று எல்லோரும் பறவைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அரசு வாகனத்தைப் பார்த்ததில்லையாம். இனி ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஜீப்பை அத்தையின் கடையில்தான் கழுவ வேண்டும், விழுவதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றே தலைமையகத்தாரிடம் வாய்மொழி அனுமதியும் வாங்கிவிட்டார். ஓட்டுநர் மோட்டார் அறைக்குப் போகவில்லை. கட்டம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தவர், வரைபடம் இருந்த சுவருக்கு எதிர்ச்சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இப்போது காலிக் கட்டம் அவர் கண் எதிரே இருக்கிறது. அதுவே அவருக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்.

அந்த வாரக் கடைசியில் எனக்கு விடுமுறை. அத்தை எனக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் எடுத்து வைத்திருந்தார். மாமனாருடையது, ஒரு சுற்றுப் பெரியது. நடந்தால் உள்ளே கால் தனியாக நடந்தது. பின்பக்கக் குழாயில் தண்ணீர் வேகமாகப் போனால் குஞ்சுகள் பயப்படுகின்றன என்று, அடி கழுவும்போது அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். எதிர்க்கடை வரிசையிலிருந்து ஒரு வேன் விலகி எங்கள் பக்கம் வந்தது. புது ஆள். ஜன்னல் வழியாக என் பூட்ஸைப் பார்த்தார்.

"புதுசா வேலைக்கு ஆள் போட்டிருக்கீங்களாக்கா?"

"வேலைக்காரர் இல்ல, என் மாப்ளை. கவர்மெண்ட் உத்தியோகம். எங்க தண்ணி தேங்கினாலும் ஓடி வந்து கொடி நட்டுருவார். நீங்க வேர்வையைத் துடைச்சுட்டு உக்காருங்க."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"அப்படியா. பொண்ணு என்ன பண்றாங்க?"

நான் அழுத்தத்தைக் குறைக்கும் திருகில் கை வைத்திருந்தேன். அத்தை ஹோஸைத் தூக்கி வேனுக்கு நேராகப் பிடித்தார்.

"கண்ணாடியை ஏத்துங்க. தண்ணி உள்ள வந்துரும்."

அவர் ஏற்றிக்கொண்டார்.